பூட்டிய வீட்டு லாம்ப்ரெட்டாவை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

செட்டிநாட்டுப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில், இரண்டாம் கட்டைத் தாண்டி, அண்டா குண்டான்களுக்கும் உடைந்த ஊஞ்சல் பலகைக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் தூசியோடு நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் நின்றது ஐயா, அதாவது என் தாத்தா, ஓட்டிய லாம்ப்ரெட்டா எல்ஐ 150. இத்தாலிய வடிவமைப்பு, பம்பாயில் அசெம்பிள் செய்த வண்டி, 1967இல் பதிவானது. அதை ஓடவைக்க எனக்கு நாலு மாதம் ஆனது. சட்டப்படி ரோட்டில் ஓட்ட இன்னும் பதினோரு மாதம் ஆனது. எஞ்சினை முதலில் செய்துவிட்டுக் காகிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் காரணம். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி முகப்பிலேயே நின்றது. அந்தப் பதினோரு மாதம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லாம்ப்ரெட்டாவை வைத்துச் சொன்னாலும், வெஸ்பா குடும்பத்து வண்டிகளுக்கும், அதாவது பழைய பஜாஜ் 150, எல்எம்எல் வெஸ்பா போன்றவற்றுக்கும் காகித வேலை முழுவதும் இதேதான். எஞ்சின் வேலையில் மட்டும் சில இடங்கள் மாறும்.

1. ஆர்.சி. புத்தகம் கிடைக்கும் வரை ஸ்பேனரை எடுக்காதீர்கள்

முதல் வேலை வீட்டைத் தேடுவது. பழைய ஆர்.சி. புத்தகம் பெரும்பாலும் வண்டியோடு இருக்காது. இரும்புப் பெட்டி, கணக்கு நோட்டுகள் கட்டி வைத்த துணி மூட்டை, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்த கவர் என்று எல்லாவற்றையும் பாருங்கள். எங்களுடையது நிலவரி ரசீதுகளுக்கு நடுவே இருந்தது. அதோடு பழைய இன்சூரன்ஸ் காகிதம், வரி கட்டிய ரசீது, வண்டி வாங்கிய பில் எது கிடைத்தாலும் தனியாக எடுத்து வையுங்கள். பின்னால் ஒரு எழுத்து மங்கிப்போன இடத்தில் இவைதான் கைகொடுக்கும்.

புத்தகம் கிடைத்ததும் நான்கு இடங்களைப் படியுங்கள்: யார் பெயர், எந்த அலுவலகத்தில் பதிவு, கடைசியாக எதுவரை செல்லும், தயாரிப்பாளர் யார். நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. முழு வண்டியாக இத்தாலியிலிருந்து வந்தது என்று பதிவாகியிருந்தால் அது இறக்குமதி வண்டிக் கணக்கில் போய், புதுப்பிக்கும் கட்டணம் பத்து மடங்காகும். தொகையை நாலாவது படியில் சொல்கிறேன்.

அடுத்து, அந்த எண் அரசின் வாகன் கணினிப் பதிவில் இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். 'எம்' எழுத்தில் தொடங்கும் பழைய மதராஸ் கால எண்கள் பெரும்பாலும் இருக்காது. இல்லை என்றால் பதறவேண்டாம். வண்டி முதலில் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், அவர்களுடைய பழைய பதிவேட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். 'பேக்லாக் என்ட்ரி' என்று கேட்டால் கவுன்டரில் புரிந்துகொள்வார்கள். இது முடியாமல் வேறு எந்த விண்ணப்பமும் நகராது. எனக்கு இந்த ஒன்றுக்கே ஏழு வாரம் ஆனது. மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை வாங்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனபோது மனுவே வரவில்லை என்றார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பதிவேட்டில் வண்டியின் பதிவு ரத்தானதாக எழுதியிருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ரத்தாகியிருந்தால் மேலே செலவு செய்யும் முன் நிறுத்தி யோசியுங்கள்.

புத்தகம் தொலைந்தே போயிருந்தால், காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை எடுத்து, படிவம் 26இல் நகல் ஆர்.சி. கேட்கலாம். ஆனால் பதிவேட்டில் வண்டி இருந்தால்தான் அதுவும் நடக்கும்.

வீட்டில் இல்லாமல் வெளியே வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கோ, ஊரில் வேறு எங்கோ, ஆர்.சி. இல்லாத ஸ்கூட்டர் மலிவாகக் கிடைத்தால், அதைத் திண்ணையில் அழகுக்கு வைக்கும் பொருளாக மட்டும் நினைத்து விலை பேசுங்கள். 'காகிதம் அப்புறம் வாங்கித் தருகிறோம்' என்ற பேச்சுக்கு ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

2. பெயின்ட் அடிக்கும் முன் பென்சில் பிரிண்ட்

ஃபிரேமின் பின்பகுதியில், பக்கத் தகட்டைக் கழற்றினால் சேஸ் எண் தெரியும். எஞ்சின் எண், எஞ்சின் ஃபிரேமோடு சேரும் இடத்தின் அருகே இருக்கும். மண்ணெண்ணெயும் பழைய பல்தேய்ப்பானும் கொண்டு மெதுவாகச் சுத்தம் செய்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து மூன்று பிரதி எடுங்கள். நல்ல வெளிச்சத்தில் போட்டோவும் எடுங்கள்.

இதை டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பும் முன்னால் செய்துவிட வேண்டும். மணல் அடித்துத் துருவை எடுக்கும்போது எழுத்து தேய்ந்துவிடும், பவுடர் கோட்டிங் போட்டால் எழுத்தின் பள்ளம் மூடிவிடும். மங்கிய எண்ணோடு போனால் மோட்டார் வாகன ஆய்வாளர் கையெழுத்துப் போடமாட்டார். அவர் செய்வது சரிதான், திருட்டு வண்டிகளை அப்படித்தானே பிடிக்க முடியும்.

எடுத்த எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். சேஸ் எண் ஒத்துப்போய் எஞ்சின் எண் மாறியிருப்பது இந்த வண்டிகளில் சகஜம். அந்தக் காலத்தில் எஞ்சின் போனால் இன்னொரு வண்டியின் எஞ்சினைத் தூக்கி மாட்டிவிடுவார்கள். அப்படியிருந்தால் எஞ்சின் மாற்றத்தையும் ஆர்.சி.யில் பதிய வேண்டும். இந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஏதாவது ஒரு காகிதம் கேட்பார்கள். சேஸ் எண்ணே மாறியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

நிறமும் ஆர்.சி.யில் இருக்கும். வேறு நிறம் அடிக்க ஆசை என்றால் அதற்குத் தனி விண்ணப்பம். என் யோசனை, பழைய நிறத்தையே அடியுங்கள். கண்ணுக்கும் நல்லது, ஒரு படிவமும் மிச்சம்.

3. பங்காளிகள் கையெழுத்து

நம் ஊரில் அதிகம் இழுக்கும் வேலை இதுதான். ஆர்.சி. ஐயா பெயரில் இருக்கும், ஐயா காலமாகிப் பல வருஷமாகியிருக்கும். வாரிசுகள் சென்னையில் இருவர், சிங்கப்பூரில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர் என்று இருப்பார்கள். வீடு பொதுவில் இருப்பது போல அந்த ஸ்கூட்டரும் சட்டப்படி எல்லாருக்கும் பொதுதான்.

தேவைப்படுவது இவ்வளவு: இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம், உங்கள் முகவரிச் சான்று, ஆதார், பான். இவற்றோடு படிவம் 31. உரிமையாளர் இறந்தபின் பெயர் மாற்றுவதற்கான படிவம் அது. வண்டியை விலைக்கு வாங்குபவர்கள் நிரப்பும் 29, 30 வேறு. எனக்கு யாரோ தவறாகச் சொல்லி 29, 30 நிரப்பிக்கொண்டு போய் ஒரு நாள் வீணானது.

வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் 60 ரூபாய். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலே போகும். மரணம் சமீபத்தியது என்றால் சில வாரங்களில் வந்துவிடும். பல வருஷம் முந்தையது என்றால் கூடுதல் விசாரணை இருக்கும். எனக்கு இரண்டு மாதம் ஆனது. ஐயாவின் பெயர் ஆர்.சி.யில் ஒரு இனிஷியலோடும், இறப்புச் சான்றிதழில் இரண்டு இனிஷியலோடும் இருந்ததால், இருவரும் ஒருவரே என்று இன்னொரு பத்திரம் எழுதவேண்டி வந்தது. உங்கள் காகிதங்களையும் இந்த ஒரு கண்ணோடு முதலிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கையெழுத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் தபாலில் கையெழுத்து வாங்க முயன்றால் தூதரகத்தில் அத்தாட்சி அது இது என்று மாதக்கணக்கில் போகும். குடும்பத்தில் படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாள்), கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று எல்லாரும் ஊருக்கு வரும் நாள் ஒன்று கண்டிப்பாக இருக்கும். அந்தத் தேதியைப் பிடித்து, பத்திரத்தை முன்கூட்டியே அடித்து, நோட்டரியை வீட்டுக்கே வரச்சொல்லுங்கள். நாங்கள் படைப்பு அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் வளவில், அதாவது உள்முற்றத்தில், உட்கார்ந்து அரைமணி நேரத்தில் முடித்தோம். பெரியவர்களிடம் முதல்நாளே சொல்லி வையுங்கள், திடீரென்று பத்திரத்தை நீட்டினால் எதற்கோ என்று மனசு சங்கடப்படும். 'ஸ்கூட்டருக்கு மட்டும்தான், வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று பத்திரத்திலேயே ஒரு வரி எழுதினோம். அந்த வரிக்குப் பிறகுதான் என் பெரியப்பா பேனாவை எடுத்தார்.

வண்டி பதிவான அலுவலகம் வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்கி, உங்கள் முகவரிக்குரிய அலுவலகத்துக்கு மாற்றுங்கள். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவிக்கிடக்கிறது என்பதை மறக்காதீர்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம், எண் டிஎன் 63. திருமயம், பொன்னமராவதிப் பக்கம் என்றால் புதுக்கோட்டை மாவட்டம், டிஎன் 55. உங்கள் ஆதார் முகவரி எதுவோ அதுதான் கணக்கு. வீடு இங்கே, ஆதார் சென்னையில் என்றால் எங்கே பதிவு செய்யப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாதியில் மாற்றினால் மறுபடி 28.

4. புதுப்பித்தல்: பணம் போகும் இடம்

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐந்து வருஷத்துக்கும் படிவம் 25இல் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை மாற்றியது. 20 வருஷத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு 2,000 ரூபாய். அதே வயதுள்ள இறக்குமதி இருசக்கர வண்டிக்கு 20,000 ரூபாய். ஆர்.சி.யில் தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள் என்று முதல் படியில் சொன்னது இதற்குத்தான். பம்பாயில் அசெம்பிள் செய்த வண்டியை யாராவது 'லாம்ப்ரெட்டா என்றால் வெளிநாட்டு வண்டிதானே' என்று இறக்குமதியாகக் கணினியில் ஏற்றிவிட்டால், திருத்துவதற்கு மறுபடி மனு. பேக்லாக் போடும் நாளிலேயே அந்தக் கட்டத்தில் என்ன தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பணிவாகக் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய செலவு தாமதக் கட்டணம். 2022 ஏப்ரலிலிருந்து, புதுப்பிக்காமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் இருசக்கர வண்டிக்கு 300 ரூபாய். பத்து வருஷத்தைக் கணக்குப் போட்டால் 36,000. எஞ்சின் வேலைக்கு நான் செலவழித்ததைவிட அதிகம் அது! உங்கள் வண்டிக்கு எந்தத் தேதியிலிருந்து கணக்கு ஓடுகிறது, மொத்தம் எவ்வளவு என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் மெக்கானிக்கிடம் போங்கள். பசுமை வரி தனி.

புரோக்கர் வைக்கலாமா என்று கேட்பீர்கள். நான் வைத்தேன், பிறகு விட்டேன். புது வண்டிக்கும் சாதாரண பெயர் மாற்றத்துக்கும் அவர்களுக்குக் கை பழகியிருக்கிறது. அறுபது வருஷத்து வண்டி அவர்களுக்கும் புதிது, உங்கள் கோப்பை அடியில் வைத்துவிடுவார்கள். நேரில் போய், மரியாதையாக, எல்லாக் காகிதத்தையும் வரிசையாகக் கோத்துக்கொண்டு நின்றால் வேலை நடக்கிறது.

5. விண்டேஜ் பதிவு எடுக்கலாமா?

முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 2021 முதல் தனி விண்டேஜ் பதிவு உண்டு. 'விஏ' என்ற எழுத்தோடு புது எண் தருவார்கள். கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம்.

காலையில் எழுந்து குன்றக்குடிக்கு ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வர வேண்டும் என்று நினைக்கிறவருக்கு அது பொருந்தாது. சாதாரணப் புதுப்பித்தலே போதும். வண்டியைக் கண்காட்சிக்கு மட்டும் கொண்டுபோகிறவர்கள், அல்லது தாமதக் கட்டணம் மலையாக நிற்பவர்கள் இதை யோசிக்கலாம். இன்னொன்று, 12 வோல்ட் மாற்றம், டிஸ்க் பிரேக் என்று நவீனமாக்கிவிட்டு விண்டேஜ் கேட்டால், வண்டியைப் பார்த்து முடிவு செய்யும் குழு ஒப்புக்கொள்வது கஷ்டம். எந்தப் பதிவு என்பதைப் பட்டறைக்குப் போகும் முன் முடிவு செய்யுங்கள்.

6. எஞ்சினை எழுப்புவது

காகிதம் நகரத் தொடங்கியதும் இதைத் தொடங்கலாம். முதல் ஆசை கிக்கரை மிதித்துப் பார்ப்பது. தயவுசெய்து மிதிக்காதீர்கள்.

முதலில் குளவிக் கூடு. பூட்டிய வீட்டில் நின்ற வண்டியின் சைலன்சர் வாய், சிலிண்டரைச் சுற்றிய காற்று உறை, ஏர் ஃபில்டர் எல்லாவற்றிலும் குளவி மண்ணைக் குழைத்துக் கட்டியிருக்கும், எலி பஞ்சும் துணியும் சேர்த்து வைத்திருக்கும். லாம்ப்ரெட்டா எஞ்சின் தகட்டு உறைக்குள் இருக்கிறது, ஃப்ளைவீல் விசிறி தள்ளும் காற்றில்தான் அது குளிர்கிறது. சிலிண்டரைக் குளிரவைக்கும் துடுப்புகளுக்கு (ஃபின்) நடுவே மண் அடைத்திருந்தால் இந்த ஊர் வெயிலில் பதினைந்து நிமிஷத்தில் பிஸ்டன் இறுகிவிடும். உறையை முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் 2டி ஆயில் (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. கிக்கரில் ஏறி நின்று உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுற்றினாலும் ஆயில் சீல்களை மாற்றாமல் ஓட்டாதீர்கள். கிராங்க்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) இரு பக்கமும் சீல் உண்டு, ரப்பர் காய்ந்து போயிருக்கும். செயின் இருக்கும் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும், தெருவே புகையாகும். ஃப்ளைவீல் பக்கத்துச் சீல் போனால் காற்றை உறிஞ்சும். ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் தானாக இரைந்துகொண்டே போகும், பெட்ரோலோடு கலந்த ஆயில் போதாமல் பிஸ்டன் பிடிக்கும். முதல் வகை வெளியே தெரியும். இரண்டாவது தெரியாமலேயே எஞ்சினைத் தின்னும். சீல் இரண்டும் விலை மலிவு, எஞ்சினைப் பிரிக்கும் கூலிதான் செலவு. ஆகவே பிரிக்கும்போதே பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

இனி அளவுகள். எல்ஐ 150க்கு பிளக் என்ஜிகே பி7இஎஸ், இடைவெளி 0.5 முதல் 0.6 மி.மீ. வெஸ்பா வகைகளுக்கு இந்த நீளமான பிளக் பொருந்தாது, குட்டை வகை வேண்டும். மாற்றிப் போட்டால் பிஸ்டன் தலையில் இடிக்கும். பாயின்ட் (பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் காண்டாக்ட்) இடைவெளி 0.35 முதல் 0.45 மி.மீ. கியர் ஆயில் எஸ்ஏஇ 90, சுமார் 700 மி.லி. டயர் முன்னும் பின்னும் 3.50-10.

கிளட்ச் தட்டுகள் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கிளட்ச் பிடித்தும் கியரில் வண்டி பாய்ந்தால் அதுதான் காரணம். அதைப் பிரிக்க ஸ்பிரிங்கை அமுக்கும் தனிக் கருவி வேண்டும், ஃப்ளைவீலை இழுக்க ஒரு புல்லர், பின் ஹப்புக்கு ஒரு புல்லர். இந்த மூன்றும் உங்கள் மெக்கானிக்கிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 'சுத்தியல் போதும்' என்றால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

பெட்ரோல் டேங்க்கில் துரு நிச்சயம் இருக்கும். வினிகர் நிறைத்து ஒரு நாள் வைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே 2டி ஆயில் கலந்த பெட்ரோலைச் சுழற்றிப் பூசுங்கள். காயவைத்து அப்படியே விட்டால் ஒரே இரவில் மறுபடி துரு பிடிக்கும். கார்புரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள், காற்று அடித்தால் போதும். ரப்பர் டியூப், கேஸ்கெட் எல்லாம் புதிது போடுங்கள். பங்க்குகளில் இப்போது கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும்.

ஆயில் கலவை: நல்ல 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 30 மி.லி., புதிதாக போரிங் செய்த (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்ட) எஞ்சினுக்கு முதல் 500 கி.மீ. வரை 40. அளவுக் குப்பி ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். பங்க் பையன் கண்ணளவில் ஊற்றுவதை நம்பவேண்டாம்.

7. இரண்டு ஆபத்துகள்

ஒன்று, சக்கரம். ரிம் இரண்டு பாதிகளாக வரும். சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும் நட் வேறு, இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் நட் வேறு. டியூபில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரிந்து கையையோ முகத்தையோ தாக்கும். பஞ்சர் கடையில் இன்றைக்கு வேலை செய்யும் பையன்கள் பலர் இந்த ரிம்மைப் பார்த்ததே இல்லை. வால்வைப் பிடுங்கிக் காற்றை முழுவதும் இறக்கிய பிறகுதான் ஸ்பேனர் வைக்க வேண்டும் என்று நீங்களே நின்று சொல்லுங்கள்.

இரண்டு, பின் ஹப் நட். கூம்பு வடிவ அச்சில் ஹப் ஏறி உட்காரும், நடுவில் ஒரு பெரிய நட் அதைப் பிடிக்கும். அது லேசாகத் தளர்ந்தாலும் ஹப் அச்சைத் தின்றுவிடும். புது லாக் வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 50 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். எனக்கு இந்தப் பாடம் ஒரு புது ஹப்பின் விலையில் கிடைத்தது.

8. பாகங்கள், பட்டறை, செலவு

நல்ல செய்தி, லாம்ப்ரெட்டாவின் எஞ்சின் பாகங்கள் இன்னும் நம் நாட்டிலேயே செய்கிறார்கள், வெளிநாட்டுக்கும் போகின்றன. லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா கம்பெனி செய்த விஜய் சூப்பர் ஸ்கூட்டருக்கு வந்த எஞ்சின் பாகங்கள் பெரும்பாலும் எல்ஐ 150க்கும் சேரும். ஹேண்டில், பக்கத் தகடு, விளக்கு வளையம் போன்ற உடல் பாகங்கள் சேராது, அவற்றுக்குப் பொறுமை வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஒரு முழு நாள் செலவழியுங்கள். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் வேறொன்று வந்து சேரும்.

மெக்கானிக்கைப் பொறுத்தவரை, ஐம்பது அறுபது வயதைத் தாண்டி, இளம் வயதில் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கைபழகியவரைத் தேடுங்கள். கடை சின்னதாக இருக்கும், போர்டுகூட இருக்காது. அவருக்கு அவசரம் கொடுக்காதீர்கள், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நான் கற்றதெல்லாம் அப்படித்தான்.

எனக்கு ஆன செலவு: பிஸ்டனும் போரிங்கும் 3,400. சீல், பேரிங், கேஸ்கெட் 2,900. கிளட்ச், கேபிள்கள் 2,300. கார்புரேட்டர் 2,600. டயர் டியூப் மூன்று ஜோடி 4,800. ஒயரிங்கும் விளக்கும் 3,000. கூலி 8,000. டிங்கரிங், பெயின்ட் 15,000. சில்லறையெல்லாம் சேர்த்து 43,000 ரூபாயை நெருங்கியது. பெயின்ட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டால் பாதிப் பணத்தில் வண்டி ஓட ஆரம்பித்துவிடும்.

9. ஆய்வு நாள்

ஆய்வுக்கு முன் இன்சூரன்ஸ் வேண்டும். 75க்கு மேல் 150 சிசிக்குள் இருக்கும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 714 ரூபாய், வரி தனி. இணையதளங்களில் 1967 என்ற வருஷத்தைத் தேர்ந்தெடுக்கவே இடமிருக்காது, கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள்.

புகைச் சான்றிதழுக்குப் போகும் முன் வண்டியை நன்றாகச் சூடாக்குங்கள். 2000 மார்ச் வரை தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். சைலன்சரைக் கழற்றிக் கரியை எடுத்து, கார்புரேட்டரைச் சரியாக வைத்த வண்டி தாராளமாகத் தேறும்.

அலுவலகத்துக்கு வண்டியை ஓட்டிப் போகவேண்டாம். செல்லும் பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவைக்கே 2,000 முதல் 5,000 வரை அபராதம், இன்சூரன்ஸ் இல்லையென்றால் இன்னும் 2,000. சின்ன யானையில் ஏற்றிப் போங்கள், எனக்கு ஆயிரம் ரூபாய் ஆனது. ஹாரன், பிரேக் விளக்கு, கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாவற்றையும் முந்தின நாள் மாலையே பாருங்கள். துணிக்கந்தல் ஒன்று கையில் இருக்கட்டும், ஆய்வாளர் எண் பார்க்கும்போது நீங்களே துடைத்துக் காட்டலாம்.

10. ஓட்டுவது

முதல் சில வாரங்களுக்குக் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வரை போய்த் திரும்புவது நல்ல அளவு. பழுதானால் ஆட்டோ கிடைக்கும் தூரம். காலை ஆறரைக்குக் கிளம்பி வெயில் ஏறும் முன் திரும்பிவிடுங்கள். முதல் 500 கி.மீ. வரை நாற்பதைத் தாண்டாதீர்கள், ஒரே வேகத்திலும் போகாதீர்கள்.

முக்கியமான பழக்கம் ஒன்று. வேகமாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு வண்டியைக் கியரிலேயே உருளவிடாதீர்கள். இந்த எஞ்சினுக்கு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது, பெட்ரோலை நிறுத்தினால் எண்ணெயும் நிற்கும். வேகம் குறைக்கும்போது கிளட்ச்சைப் பிடித்துவிடுங்கள். எஞ்சின் சத்தம் திடீரென்று மந்தமாகி வண்டி இழுபட்டால் அந்த நொடியே கிளட்ச்சை அமுக்கி ஓரம்கட்டுங்கள். இடது கை எப்போதும் கிளட்ச் மேல் இருக்கட்டும்.

பிரேக் இன்றைய வண்டிகளைப் போலப் பிடிக்காது. பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். 6 வோல்ட் விளக்கு நம் கிராமத்து ரோட்டில் ஆட்டுக்குட்டியைக் காட்டாது, இருட்டில் ஓட்டவேண்டாம். திருச்சி ரோட்டில் லாரிகளோடு போவதைவிடக் கானாடுகாத்தான், பள்ளத்தூர் உள்ரோடுகள் இந்த வண்டிக்கு ஏற்றவை. பையில் ஒரு கிளட்ச் கேபிள், ஒரு கியர் கேபிள், இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், அளவுக் குப்பியோடு அரை லிட்டர் 2டி ஆயில் எப்போதும் வையுங்கள்.

11. வீட்டை மறுபடி பூட்டும்போது

நம்மில் பலர் வெளியூரில் இருந்துகொண்டு லீவுக்கு வருகிறவர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் டேங்க்கிலும் கார்புரேட்டரிலும் இருக்கும் பெட்ரோலை இறக்கிவிடுங்கள். சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில், சைலன்சர் வாயில் குளவி நுழையாதபடி துணிப்பந்து, அதில் ஒரு சிவப்பு நூல் தொங்கட்டும், எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்யாமலிருக்க. டயர் தரையைத் தொடாதபடி அடியில் ஒரு மரக்கட்டை. கிளட்ச் லீவரைப் பிடித்தபடி கயிற்றால் கட்டிவையுங்கள், தட்டு ஒட்டாது.

ஆர்.சி. புத்தகத்தை வண்டிப் பெட்டிக்குள் விட்டுவிடாதீர்கள். நான் எங்கள் இரும்புப் பெட்டியில், வீட்டுப் பத்திரத்துக்கு மேலே, உறையில் பெரிய எழுத்தில் 'ஸ்கூட்டர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த புதுப்பிப்புத் தேதியும் அந்த உறையிலேயே இருக்கிறது. சாவி எங்கே என்று என் மகளுக்குத் தெரியும்.